விலக்குப் பட்டியலில் ஒரு வரி

எங்கள் ஆபீசில் அவளுக்குச் ‘சிவப்புக்கோடு’ என்று பெயர். வைத்தவன் நான்தான். நாங்கள் எழுதும் புரோகிராமைப் படித்துத் தப்புப் பிடிக்கும் லிண்டரைக் கொண்டுவந்து மாட்டியவள் அவள். ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். எழுதும்போதே அது படித்துவிட்டுச் சந்தேகமான வரிக்கு அடியில் சிவப்பாய் ஒரு கோடு இழுக்கும். எங்களுக்கு அது வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாமியார். அவளுக்கு அப்படி இல்லை.

அவளுடைய அப்பா கணக்கு வாத்தியார். மகளின் நோட்டை மரஸ்கேலோடுதான் திருத்துவார். ஒரு தப்புக்கு ஓர் அடி, அதுவும் விரல் முட்டியில். பத்து வயதில் ஒடிந்த சுண்டுவிரல் கோணலாகத்தான் சேர்ந்தது. கட்டிக்கொண்டவன் ஸ்கேலைக்கூடத் தேடவில்லை, கையே போதும் என்றிருந்தான். ஆறு வருடம் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் காலையில் குக்கர் மூடியால் அவனுடைய முன்பல் இரண்டைப் பெயர்த்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இதையெல்லாம் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

“என் வாழ்க்கையில கை ஓங்காம தப்பைச் சொன்னது இந்த லிண்டர் ஒண்ணுதான்டா தம்பி” என்பாள். நான் அவள் டப்பாவில் கை வைப்பேன்.

தகடு அழுத்தும் பிரஸ் மிஷின்களுக்குத்தான் நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். பன்னிரண்டு தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மிஷின்கள். ஆள் தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, கதவை மூடினால் நாற்பது டன் அழுத்தம் கீழே இறங்கும். கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு சென்சார் சொல்லும். நம் தப்பு எதுவானாலும் கடைசியில் யாரோ ஒருவரின் கைமேல்தான் போய் விழும் என்று அவள் வந்த முதல் நாளே சொன்னாள். நாங்கள் கொட்டாவி விட்டோம்.

லிண்டரை மாட்டிய அன்று நாலாயிரத்து முந்நூறு கோடுகள் விழுந்தன. ஆபீஸ் ரணகளமானது. ஒருவன் அவளுடைய கீபோர்டைப் பிடுங்கி மேஜை விளிம்பில் அடித்து இரண்டாக்கினான். அவள் சும்மா இருக்கிற ரகமா? அவனுடைய சூடான காபியை அவன் மடியிலேயே கவிழ்த்தாள். எங்கள் மேலாளர் நடுவில் வந்தார். வாயைத் திறந்தால் டெலிவரி, டெலிவரி என்பதால் அவருக்குப் பெயரே டெலிவரி. பழைய தப்புகளை எல்லாம் விலக்குப் பட்டியலில் போட்டுவிட வேண்டும், இனிமேல் எழுதுவதை மட்டும் லிண்டர் பார்த்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அவள் ஒரு வாரம் மல்லுக்கு நின்றாள். கடைசியில், இடைவெளி, வரி ஒழுங்கு என்று லிண்டர் தானாகவே திருத்தக்கூடியவற்றை ஒரே கட்டளையில் எல்லா ஃபைல்களிலும் திருத்திச் சேமித்தாள். மிச்சமிருந்த ஆயிரத்து எழுநூறைப் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டியலில் போட்டாள்.

அந்த ஒரே கட்டளையில்தான் வினை இருந்தது. எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்பதற்கு எங்களிடம் ஒரு பதிவேடு உண்டு. வரியின் முன்னால் இருக்கும் வெற்றிடத்தைச் சரிசெய்தாலும் தொட்டதுதான். ஆக, ஒரு நொடியில் பாதிப் புரோகிராம் அவள் பெயருக்கு மாறிவிட்டது. இந்தத் திருத்தத்தைக் கணக்கில் எடுக்காதே என்று பதிவேட்டுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. சண்டைச் சூட்டில் அவள் மறந்துபோனாள். நான் கவனித்தேன், சொல்லவில்லை. என் பழைய குப்பையெல்லாம் ஒரே நாளில் இன்னொருத்தி தலைக்குப் போனதில் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அவ்வளவு கேவலமானவன் நான்.

அந்தக் குப்பையில் ஓர் இடம் உண்டு. சென்சார் பதில் சொல்லாமல் போனால் மிஷின் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடம். அப்புறம் எழுதலாம் என்று காலியாக விட்டிருந்தேன். மூன்று வருடம் ஆகியும் அந்த அப்புறம் வரவில்லை. சென்சார் செத்துப்போனால், கதவு மூடியிருக்கிறது என்ற பழைய பதிலையே மிஷின் நம்பிக்கொண்டிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை ஒரு தொழிற்சாலையில் சென்சார் செத்தது. மிஷின்காரர் சிக்கிய தகட்டை இழுக்கக் கையை உள்ளே விட்டார். பிரஸ் இறங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே எடுக்க ஒன்றும் இல்லை. தகட்டிலிருந்து சுரண்டத்தான் வேண்டியிருந்தது என்று அங்கிருந்து போனில் சொன்னார்கள்.

காரணமான இடத்தைக் கண்டுபிடித்துப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அவள் பெயர். டெலிவரி அவளுடைய கம்ப்யூட்டரைப் பூட்டினார், அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். அவளோ தன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றப் பதினோரு மிஷின்களையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றுதான் கத்தினாள். நிறுத்தினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கம்பெனி வக்கீல் வாயைத் திறக்கக் கூடாது என்றிருக்கிறார் என்றார் டெலிவரி. அவள் எட்டி அவர் சட்டையைப் பிடித்தாள். இரண்டு பேர் இழுத்துப் பிரித்தோம். ஒருவன் நான்.

தொழிற்சாலைகளின் நம்பர்களெல்லாம் பூட்டிய கம்ப்யூட்டருக்குள் இருந்ததால், செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் வந்து, எல்லார் மேஜை முன்னாலும் நின்று அதையே சொன்னாள். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நம்பர்கள் என்னிடம் இருந்தன, நான் பதினோரு போன் போட்டிருந்தால் போதும். உனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்டு, அந்த இடத்தின் பழைய வரலாற்றைத் தோண்டுவார்களே என்ற பயத்தில் தலையைக் குனிந்து வேலை பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மிஷின்காரரின் அண்ணன் வந்தார். ஒரு கையில் முழ நீள ஸ்பேனர், இன்னொரு கையில் அந்தக் காகிதம். கண்ணாடிக் கதவு முதல் அடியிலேயே சில்லுச் சில்லாய் நொறுங்கியது. தடுக்க வந்த காவலாளியின் வாய் கிழிந்தது. டெலிவரி தன் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இந்தப் பெயர் யாருடையது என்று அண்ணன் கேட்டார். அவள் அப்போது என் மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

“நான்தான்ணா” என்றாள்.

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது, தடுக்கத் தூக்கிய முன்கையில். கீழே விழுந்த பிறகு விலாவில் இரண்டு. அவள் ரத்தம் என் மேஜைக் காலில் தெறித்தது. அவர் அழுதுகொண்டேதான் அடித்தார். “என் தம்பி கையைப் பையில போட்டுக் குடுத்தாங்கடி” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழவில்லை. கடைசியில் அவரே ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளிலும் கையிலும் கட்டு, ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டவன் நான்தான் என்று தெரியுமா என்று கேட்டேன்.

“பார்த்ததுமே தெரியும். உன்னை மாதிரி சோம்பேறி அங்க வேற யாரு இருக்கா?”

“அப்ப ஏன்கா சொல்லலை?”

மூச்சு விட அவளுக்கு வலித்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “லிண்டர் அதை எனக்குக் காட்டுச்சு. காட்டியும் பட்டியல்ல போட்டது என் கைதான். யாருக்கு எத்தனை அடின்னு பங்கு போட இப்ப நேரமில்லை. பதினொன்னும் இன்னும் ஓடுதுடா. போய் நிறுத்து.”

நடைபாதையில் நின்று ஒவ்வொரு தொழிற்சாலையாகக் கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன், மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். பத்து மிஷின்கள் நின்றன. பதினோராவது இடத்தில் எடுத்த சூப்பர்வைசர் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“எங்க மிஷின் காலையிலயே நின்னுடுச்சு” என்றார்.

“ரொம்ப நல்லதுண்ணா” என்றேன்.

“நல்லதா?” என்று கேட்டார். “ஒரு பொண்ணு. ரெண்டு கையும்.”

உள்ளே போனேன். எல்லாம் நின்றுவிட்டதா என்று கேட்டாள். பதினொன்றும் நின்றுவிட்டது என்றேன். நாலு நாளாகத் தூங்காதவள், அதைக் கேட்டதும் அப்படியே தூங்கிப்போனாள். விழித்ததும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.