மச்சினன் சைக்கிளின் காற்று

என் மனைவியின் தம்பி எங்கள் ராயபுரம் வீட்டில் இரண்டு வருடம் தங்கியிருந்தான். வண்ணாரப்பேட்டை அச்சகம் ஒன்றில் அவனுக்கு வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் என் பெண்ணும் பையனும் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவார்கள். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு ஐந்து. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிப்டு முடித்து நான் வந்து படுத்தால், “நைனா தூங்குது, வெளியே போய் ஆடுங்க” என்று மனைவி அவர்களைத் துரத்துவாள். வெளியே அவர்களுடைய மாமன் இருப்பான்.

எண்ணூர்ப் பக்கம் மணல்மேடுகளுக்குப் பின்னால் களாச்செடிகள் பழுத்துக் கிடப்பதாக, என்னோடு வேலை பார்த்த நெட்டுக்குப்பத்து ஆள் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்று நினைத்தது நான்தான். ஆனால் ஒரு சைக்கிளில் நான்கு பேர் போக முடியாது. “தம்பியும் வரட்டுமே” என்றாள் மனைவி.

புறப்படும்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என் சைக்கிளின் முன்பாரில் பெண் உட்காரட்டும் என்று பழைய துண்டை மடித்துக் கட்டி வைத்திருந்தேன்.

“நா மாமா வண்டிலதான் குந்துவேன்” என்றாள் அவள்.

“நானும்” என்றான் பையன்.

மச்சினன் சிரித்துக்கொண்டே ஒருத்தியை முன்னாலும் ஒருவனைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டான். நான் மனைவியையும் புளிச்சோற்றுத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு பின்னால் மிதித்தேன். திருவொற்றியூர் தாண்டும்வரை அவர்கள் மூவரும் பாடிக்கொண்டே போனார்கள். கடற்காற்று எதிரே அடித்ததால் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இன்னா, பேசாம வர்ரே?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

“காத்து” என்றேன்.

செடிகள் நிஜமாகவே காய்த்துத் தொங்கின. நுனியில் சிவந்தவை, நன்றாகக் கறுத்தவை. பறித்தால் பால் வடிந்து விரல்கள் ஒட்டிக்கொள்ளும். நான் முள்ளுக்குள் கையை விட்டுக் கறுப்புப் பழமாகப் பார்த்துப் பறித்தேன். முழங்கை வரை கீறல். ஒரு கை நிறைய சேர்ந்ததும் பெண்ணிடம் நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “மாமாவுக்கு ஒன்னு” என்று இன்னொன்றை எடுத்து ஓடினாள். மீதியோடு நான் நின்றேன். கொஞ்ச தூரத்தில் மச்சினன் பிள்ளைகள் இருவர் உதட்டிலும் பழச்சாற்றைத் தடவி, வெற்றிலை போட்ட கிழவர்கள் என்று சொல்லி நடக்கவைத்துக்கொண்டிருந்தான். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் தண்ணீர்க் கரைக்குப் போனார்கள். நான் சைக்கிள்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். மச்சினனுடைய புது சைக்கிள் சவுக்கு மரத்தில் சாய்ந்திருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பின்சக்கரத்து வால்வைத் திருகி எடுத்து, அதில் மாட்டியிருந்த சின்ன ரப்பர் வால்டியூபை உருவி மணலில் எறிந்துவிட்டு, வால்வைத் திரும்பப் பொருத்தினேன். காற்று முழுதும் போய்விட்டது. திரும்பும்போது ஒரு பிள்ளையாவது என் சைக்கிளில் வந்துதானே ஆகவேண்டும்?

அவன் வந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான். வால்வைக் கழற்றினான். வெறும் உலோகத் தண்டை விரலால் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். வால்டியூப் கிழியும், தானாகக் காணாமல் போகாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“கீஞ்சி பூட்ச்சி மாமு” என்றான். “திருவொத்தியூர் போனாதான் கடை கீது. நீங்க அக்காவையும் புள்ளைங்களையும் இட்டுகினு போங்க. நா தள்ளிகினு வர்ரேன்.”

அவன் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

“வாம்மா, முன்னால குந்து” என்று பெண்ணைக் கூப்பிட்டேன்.

“மாமா தனியா வருமா? நானும் நடக்கறேன்” என்றாள். பையன் அதற்குள் அவன் தோளில் ஏறிவிட்டான். பிள்ளைகள் நடக்கும்போது நான் மட்டும் ஏறிக்கொள்வதா என்று மனைவியும் நடந்தாள். கடைசியில் ஒரு குறையும் இல்லாத என் சைக்கிளையும் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். உப்பளங்களைத் தாண்டி, தார் இளகிய சாலையில் நீண்ட நடை. அவன் ஒரு குரங்கும் சைக்கிளும் என்று ஏதோ கதை கட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கதை நன்றாகவே இருந்தது.

எர்ணாவூர் அருகே பெண்ணின் கால்கள் தடுமாறின. மனைவி பின்னால் ஏறி அவளை மடியில் போட்டுக்கொண்டாள். நான் தள்ளினேன். பெண் உடனே தூங்கிவிட்டாள். அன்று என் சைக்கிளுக்குக் கிடைத்தது தூங்கும் குழந்தைதான்.

அடுத்த தை மாதம் அவனுக்குக் கல்யாணமாகிப் பெரம்பூருக்குக் குடிபோனான். வால்டியூப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சில வருடம் கழித்து நானே சொன்னேன். “எனக்கு அன்னிக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு அரிசி புடைப்பதைத் தொடர்ந்தாள்.

என் பெண்ணுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். சிறுவயதிலேயே மிகச் சந்தோஷமான நாள் அதுதான் என்று அவர்களிடம் சொல்வாள்: மாமா சைக்கிள் பஞ்சராகி, கதை கேட்டுக்கொண்டே நடந்து வந்த நாள். ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

“நைனா, அன்னிக்கு நீயும் வந்தியா?”

வந்தேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, குரங்குக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள், நான் திருத்தவில்லை.