நிஜாம் பொருத்திய இரண்டாவது மாட்யூல்

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் இருந்தபோது செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. விடுமுறை நாளில்கூட உயிரை எடுக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்துப் பார்த்தேன். நிஜாம் இறந்துவிட்டார், உடனே பேசவும் என்று இருந்தது. அனுப்பியவர் நம் பழைய ஆபீஸ் குமார். உடனே அழைத்தேன். "நேத்து சாயங்காலம் ட்ரெய்ன்லயே போயிட்டாரு மேடம். கிண்டில இறங்க எழுந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம்" என்றார். கூடத்திலிருந்து என் மாமியார் யாருக்கு என்ன என்று கேட்டார். எங்கள் பழைய ஆபீஸ் நிஜாம் போய்விட்டார் என்றேன். "நம்மாத்துக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துண்டே, காபில சக்கரை போறலைன்னு என்னோட சண்டை போட்டாரே, அவரா?" என்றார். அவர்தான்.

கிண்டி தொழிற்பேட்டையில், அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுத்த அந்தச் சிறிய நிறுவனத்தில் நம்மோடு இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அங்கே கொள்முதல் பார்த்தேன். நிஜாமுதீன் தலைமைப் பொறியாளர். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னால் அது நிஜாமாக இருக்காது. யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். கடைசி ஆளாக வந்து சேர்ந்து மற்றவர்களின் சோம்பலைத் திட்டுவார். தான் படித்த பொறியியல் கல்லூரியின் பெயரை வாரம் ஒருமுறையாவது நமக்கு நினைவூட்டாமல் இருக்கமாட்டார். எனக்கும் அவருக்கும் சண்டை வராத நாள் கிடையாது, பேச்சு நின்ற நாளும் கிடையாது.

எங்கள் பெரிய சண்டை ஒளி மாட்யூலைப் பற்றியது. இதைப் படிக்கப்போகும் உங்கள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். நெட்வொர்க் பெட்டிக்குள் செருகும் சின்னப் பொருள் அது. மின்சாரமாக வருவதை ஒளியாக்கிக் கண்ணாடி இழைக்குள் அனுப்பும். அதன் உள்ளே ஒரு துளி நினைவகம் உண்டு; எந்தக் கம்பெனி, என்ன வரிசை எண் என்று அதில் எழுதியிருக்கும். பெட்டி அதைப் படித்துப் பார்த்து, தன் கம்பெனிப் பெயர் இல்லையென்றால் வேலை செய்ய மறுத்துவிடும். அதனால் பெட்டி விற்றவரிடமே மாட்யூலையும் வாங்கியாக வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. நினைவகத்தை அழித்து மறுபடி எழுதக்கூடிய மாட்யூல்கள் வெளியே கிடைக்க ஆரம்பித்திருந்தன. அவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று நிஜாம் பிடிவாதம் பிடித்தார். வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று நான் சொன்னேன். "மண்டபத்த வாடகைக்கு எடுத்தா எங்க சமையல்காரனத்தான் வைக்கணும்னு சொல்றான் பாருங்க, அந்த மாதிரி கீது மேடம் இது. கஸ்டமர் என்ன பாவம் பண்ணான்?" என்றார்.

நான் சும்மா விடவில்லை. தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். அவர் தேர்ந்தெடுத்த விதத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கத்திரி வெயிலில் தன் ஸ்கூட்டரின் முன்பெட்டிக்குள் மாதிரிகளைப் போட்டுப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். அவற்றை விற்கக் கொண்டுவந்தவர்கள் பதறிப்போவார்கள். "நம்ம ஊர் கடைல ஏசியா போட்டு வைக்கப் போறான்? படிக்கட்டுக்கு அடியில வைப்பான், பக்கத்துல இன்வெர்ட்டர வைப்பான்" என்பார். திரும்பி வந்து சூட்டோடு பெட்டியில் செருகி ஒளி குறைகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஒரு கம்பெனியின் பெயரை எழுதி, அழித்து, இன்னொன்றின் பெயரை எழுதி, ஒவ்வொரு முறையும் திருப்பிப் படிப்பார். எழுதியதை மறந்துபோகும் மாட்யூல்களை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசியில் ஒரே ஒரு வகைதான் தேறியது. அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன், சந்தோஷமாகவே போட்டேன்.

இன்னொரு விஷயத்திலும் அவர் கறாராக இருந்தார். ஒரு மாட்யூலின் நினைவகத்தை இன்னொன்றுக்கு நகல் எடுத்தால் வரிசை எண்ணும் கூடவே வந்துவிடும். ஒரே எண்ணில் இரண்டைப் பார்த்தால் பெட்டி போலி என்று முடிவுகட்டி இரண்டையுமே மூடிவிடும். அதனால் நகல் எடுத்த கையோடு தனி எண் எழுத வேண்டும், எழுதியதைத் திருப்பிப் படிக்க வேண்டும். "ரெட்டப் புள்ள பொறந்தா ரெண்டுக்கும் ஒரே பேரா வைப்பீங்க?" என்று புதிதாக வந்தவர்களை எல்லாம் கேட்டுச் சிரிக்க வைப்பார்.

அப்படிப்பட்டவர் தவறியது டி. நகர் ஜவுளிக்கடையில். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டிடம், அந்தப் பக்கம் ஒரு கட்டிடம். கணக்கு முழுவதும் ஒரு பக்கம். மறுபக்கத்தில் பில் போடுவதெல்லாம் கண்ணாடி இழை வழியாக. தீபாவளி நெருங்கியதும், ஒரு வழி போதாது, ஒன்று போனால் இன்னொன்று வேண்டும் என்று நிஜாமே சொல்லி இரண்டாவது வழி அமைத்தார். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு காலை அந்த இரண்டாவது மாட்யூலைத் தன் கையாலேயே செருகினார். இரண்டு வழியும் ஒன்றாக மூடிக்கொண்டன. தனி எண் எழுதியிருந்தார், அது பதியவில்லை, திருப்பிப் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்று பின்னால் கேட்டேன். "தெரியல மேடம்" என்றார். இரண்டாவதைக் கழற்றியும் பெட்டி திறக்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் கண்டுபிடித்து அதைத் திறக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் வரிசையில் நின்றவர்கள் எடுத்த புடவைகளை அப்படியே மேசையில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் கடை முதலாளி அழைத்தார். நான், நிஜாம், நம் எம்.டி. மூவரும் போனோம். காரில் எம்.டி. சொன்னார், "பவர் ஃப்ளக்சுவேஷன்னு சொல்லிடலாம். டி. நகர்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." நிஜாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். முதலாளி என்ன ஆச்சு என்று கேட்டார். எம்.டி. வாயைத் திறப்பதற்குள் நிஜாம், "தப்பு என்னுது சார். மாட்யூல் நல்லதுதான். நான்தான் எழுதிட்டு சரி பாக்கல" என்றார். யாரையும் பேசி முடிக்க விடாத அந்தக் கெட்ட பழக்கம் அன்றைக்கும் அவரை விடவில்லை. முதலாளி எம்.டி.யிடம் திரும்பி, "இவரு இனிமே என் கடைப்பக்கம் வரக்கூடாது" என்றார்.

அந்த மாதமே நிஜாமை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்களில் சிலர் எம்.டி.யிடம் போய்ப் பேசினோம். கெஞ்சினோம் என்றே சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஊரில் இந்தத் தொழில் ஒரு தெரு அளவுதான். அவர் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லோரும் காபி கொடுத்து உட்கார வைத்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் கிண்டியில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போனார். அந்த வேலைக்குப் போகும் வழியில்தான் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

இராயப்பேட்டை வீட்டுக்கு நான் போனபோது ஆண்கள் ஜனாஸாவோடு அடக்கத்துக்குப் புறப்பட்டிருந்தார்கள். அவர் மனைவி மும்தாஜ் உள்ளறையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "நல்லவருதான் மேடம். அன்னிக்கு மட்டும் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கக் கூடாதா? கரன்ட்டு மேல பழிய போட்டா கரன்ட்டுக்கு இன்னா வலிக்கவா போகுது?" என்று கேட்டார். அழக்கூட இல்லை, கேட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

புதன்கிழமை என் இப்போதைய அலுவலகத்துக்குப் பெட்டி விற்பவர் ஒருவர் வந்தார். வெளி மாட்யூல் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார். "டி. நகர் ஜவுளிக்கடைக் கதை தெரியாதா மேடம் உங்களுக்கு? ஒருத்தர் சொந்தமா எழுதிப் போட்டு, தீபாவளி நேரத்துல கடையையே கவுத்துட்டாரு. அவரே ஒத்துக்கிட்டாரு மேடம்!" நிஜாம் யாருக்காகப் போராடினாரோ அவர்களைப் பயமுறுத்த, நிஜாமின் வாக்குமூலமே இப்போது ஊரெல்லாம் பயன்படுகிறது. அவர் பெயர் நிஜாமுதீன், சனிக்கிழமை இறந்துபோனார் என்றேன். "அப்படியா, பேரு தெரியாது மேடம்" என்று விலைப்பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். விற்க வந்த அவர் சொன்ன மாட்யூலைத்தான் வாங்கப் போகிறோம். வேறு வாங்கக் கூடாது என்று எங்கள் நிர்வாகமும் விதி போட்டாயிற்று.

நிஜாமிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது "தப்பு என்னுது" என்ற அந்த இரண்டு வார்த்தைகள்தான். இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் வேறு எவர் வாயிலிருந்தும் அதை நான் கேட்டதில்லை. என் மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். அவன் எதிரில் வந்து உட்காருகிறான். மும்தாஜின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.