பேராலய வாசலில் விட்ட செருப்பு

பத்தாம் வகுப்போடு நின்ற நான் பயணம் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் அரசர்களின் தலைநகராக இருந்த இத்தாலியின் பலெர்மோ நகரில் பேராலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறேன். எங்கள் ஊர் மன்னாரில் செய்வதுபோல வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் காணவில்லை. அடுத்து நான் பார்க்கவிருந்த அந்த அரசர்களின் அரண்மனை மூட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. நாளை எனக்கு விமானம்.

படி கூட்டுகிற பெண் தமிழில் கேட்கிறாள்.

"அக்கா, செருப்பு உங்கடையோ? ஏழையளுக்கு ஆரோ விட்டதெண்டு அந்த மனுசிக்குக் குடுத்திட்டன். நான் மன்னார். இஞ்ச வந்து இருவது வருசத்தில வாசலில செருப்புக் கழட்டுற பழக்கமே மறந்துபோச்சு."

பிச்சை கேட்கும் கிழவி என் செருப்போடு காலை நீட்டி வெயில் காய்கிறாள்.

"கேட்டு வாங்கித் தரட்டோ?"

"வேண்டாம் தங்கச்சி. அவவுக்கு அளவாய்க் கிடக்கு."

"வெறுங்காலோட அரண்மனைக்குப் போனா ராசா கோவிப்பார், அக்கா."

இருவரும் சிரிக்கிறோம்.

மறுநாள் சந்தையில் ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். அரண்மனையைப் பார்க்கவில்லை.