சுபாஷினி மூடவிடாத நடுக்கதவுகள்

எந்த நாட்டு விருந்தாளிகள் பெருகுகிறார்கள், எவர் குறைகிறார்கள் என்பது பத்திரிகையில் வருவதற்கு முன்பே சுபாஷினிக்குத் தெரிந்துவிடும். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருடமாக அறைகளைப் பராமரித்து, இப்போது அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர். சோதிடமெல்லாம் இல்லை, அறையிலிருந்து வரும் ஃபோன்தான். சுடுதண்ணீருக்கு இன்னொரு கெட்டில் கேட்டால் பெரும்பாலும் சீனா. குளியலறைக்கு வாளியும் குவளையும் கேட்டால் சந்தேகமே வேண்டாம், இந்தியா. கூடுதல் மெத்தை கேட்டு, இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள நடுக்கதவைத் திறக்கச் சொன்னால் வளைகுடாக் குடும்பம். எல்லாவற்றையும் ஒரு பள்ளி நோட்டில் நாள் தவறாமல் குறித்துவைப்பாள். சென்னையிலிருந்து நேர் விமானம் வருகிறது என்று கேள்விப்பட்ட வாரமே நாற்பது வாளி வாங்கவைத்தவள் அவள். மறுமாதம் ஸ்டோரில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மேனேஜர் லோகேஸ்வரன், நடுக்கதவுகளை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கப்போவதாகச் சொன்னார்.

"ரிப்போர்ட்ட பாருங்கக்கா. போன வருஷம் முழுக்க அரபு கெஸ்ட் பதினோரு ரூம்தான். அதுக்கு எதுக்கு இருபது கதவு?"

சுபாஷினிக்குச் சுருக்கென்றது. பதினொன்றா? மெத்தை விரித்தவளுக்குத் தெரியாதா? நோட்டைப் புரட்டினாள். போன ஜூலை, ஆகஸ்டில் மட்டும் நூற்று முப்பத்தாறு முறை அந்தக் கதவுகளைத் திறந்திருக்கிறாள்.

"பாஸ், அவங்க எல்லாம் கோலாலம்பூர் ஏஜென்ட் மூலமா வர்றவங்க லா. கவுண்டர்ல ஏஜென்ட் ஊரப் பாத்து லோக்கல் கெஸ்ட்டுன்னு கம்ப்யூட்டர்ல தட்டிட்டாங்க."

"இந்த வருஷம் வரலன்னா?"

"சூப்பர்வைசர் வேலைய விட்டுட்டு, மறுபடியும் ட்ராலி தள்ளுறேன்."

சீசன் முடியும்வரை சுவர் வேலையை லோகேஸ்வரன் நிறுத்திவைத்தார். ஜூன் முழுக்க ஒரு வளைகுடாக் குடும்பமும் வரவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று நோட்டை மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்தாள். ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். வீம்புதான், வேறென்ன?

வளைகுடாவில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், ஜூலை முதல் வாரம் வாசலில் மூன்று வேன்கள் வந்து நின்றன. ரியாத்திலிருந்து பதினான்கு பேர். லோகேஸ்வரனே ஃபோன் செய்தார். "அக்கா, நடுக்கதவு சாவி கொண்டாங்க."

கதவு சத்தமில்லாமல் திறந்தது. பிள்ளைகள் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடினார்கள். சுபாஷினிக்குப் பெருமை தாங்கவில்லை. மாதக் கடைசியில் இருபது கதவுகளும் திறந்தே கிடந்தன.

"உங்க நோட்ட கொஞ்சம் குடுங்கக்கா. அடுத்த வருஷ பிளான் போடணும்."

"நோட்ட குடுக்க மாட்டேன் பாஸ். மீட்டிங்குக்குக் கூப்புடுங்க, நானே வந்து படிக்கிறேன்."

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். யூனிஃபார்மோடு மீட்டிங் அறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்தாள். பத்தொன்பது வருடமாக அவள் துடைத்த மேசை அது. அதன் முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.