சுண்டெலியும் இருபத்திரண்டு ஏணிகளும்

என் முதல் முயற்சி நிராகரிக்கப்பட்ட தகவல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு வந்தது. ஆறே வாக்கியம். எழுதிய நடுவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "நீங்கள் பயன்படுத்தியது இந்த விளையாட்டின் மூலப் பிரதி அல்ல. யாரோ மாற்றிய பிரதி. மூலத்தில் மூன்றாம் கட்டத்தில் ஒரு சுவர் இருக்கும். உங்களுடையதில் இல்லை. இது உங்கள் முதல் முயற்சி என்றால், அடுத்த முறை சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கக் குறிப்பு நன்றாக இருந்தது."

ஐந்து மாத வேலை அது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள் உண்டு, எமுலேட்டர் என்பார்கள். அதில் விளையாட்டை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தலாம். ஒரு வினாடிக்கு அறுபது ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முடிவு செய்யலாம். தவறினால் திரும்பிப் போய் மாற்றலாம். கடைசியில் கிடைப்பது பொத்தான்களின் வரிசை ஒன்று. அதை ஓட்டினால் விளையாட்டு தானாகவே, மனிதக் கைக்கு எட்டாத வேகத்தில் முடியும். டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன். சுருக்கமாக டாஸ். கையால் விளையாடுகிறவர்களின் பட்டியல் தனி, இது தனி. யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை.

நான் ஒரு நாளிதழில் இருபது வருஷம் துணை ஆசிரியையாக இருந்தவள். மதுரையில் உட்கார்ந்து மாவட்டச் செய்திகளைத் திருத்தினேன். தலைப்பு என்னுடையது, முதல் பத்தி பெரும்பாலும் என்னுடையது. மேலே அச்சாவது "நமது நிருபர்". அதில் எனக்குக் குறை இருந்ததாக அப்போது நினைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு வந்து, தம்பி வீட்டு மாடியில் குடியேறி, அட்டைப்பெட்டிகளில் இருந்த பழைய பேப்பர்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, எதிலும் என் பெயர் இல்லை. ஒரு வாழ்த்துச் செய்தியில்கூட இல்லை. டாஸ் ஓட்டங்களை நடுவர்கள் சோதித்து வெளியிடும் இணையதளத்தில், ஏற்கப்பட்ட ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தின் தலையில் செய்தவரின் பெயர் இருக்கும். எனக்கு அப்படி ஒரு பக்கம் வேண்டும். நாற்பத்தாறு வயதில் இது சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது.

அதனால் எல்லாரும் செய்யும் தவற்றைச் செய்தேன். மிகவும் பிடித்த விளையாட்டை எடுத்தேன். சின்ன வயதில் நானும் தம்பியும் டிவியில் மாட்டி விளையாடியது. தேனியில் வாங்கிய கேசட், ஒன்றில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருபதுகூடத் தேறாது. அதில் முதல் கேம். ஓடுவது, குதிப்பது, சுடுவது. இணையத்தில் அதே விளையாட்டு இரண்டு மூன்று பிரதிகளாகக் கிடந்தது. முதலில் திறந்ததில் மூன்றாம் கட்டத்தில் ஒரு சுவர் நின்றது. இது கெட்டுப்போன பிரதி என்று மூடிவிட்டேன். சுவர் இல்லாத பிரதி கிடைக்கும்வரை தேடினேன். கிடைத்ததும் சந்தோஷப்பட்டேன்.

பயிற்சி நிருபர் ஒருவர் இப்படி நினைவை நம்பி ஆவணத்தைத் தூக்கி எறிந்திருந்தால், அவரை நான் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். நாங்கள் விளையாடி வளர்ந்தது கள்ளக் கேசட். அதைச் செய்தவர் யாரோ சுவரை எடுத்துவிட்டிருக்கிறார். போடியில் பாதிப் பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்க்காமலே வளர்ந்திருக்கிறோம்.

தம்பி ஜீப் ஓட்டுகிறான். காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். அன்று வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அப்ப நான் ஒன்னைய ஜெயிச்சதெல்லாம்?"

"செல்லாது."

"எல்லாமேவா?"

"சுவரே இல்லாம ஓடியிருக்க."

அடுக்களையிலிருந்து அவன் மனைவி சிரித்தாள். அவள் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவள். எதையும் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த மனுசன் எங்கிட்டப் பீத்திக்கிட்டது அது ஒண்ணுதான் மதினி. கடைசில கள்ளக் கேசட்டு வீரரா?"

"ஏய், சுவர் இருந்தா அதையும் தாண்டிருப்பேன்ல."

"தாண்டுவீங்க, தாண்டுவீங்க. கேட்டைத் திறந்துட்டு வண்டியை விடவே பத்து நிமிசம்."

பிறகு அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "எங்க கிட்டங்கிக்குப் புதுசா ஒருத்தி வந்தா மொத நாளே எட்டு மில்லிக் காயையா அள்ளிக் கொட்டுவாங்க? சில்லறைக் காயைத்தான் முன்னாடி போடுவாங்க. தப்பாப் பொறுக்குனாலும் ஒண்ணும் குடி முழுகாது. நீங்க எடுத்த எடுப்புல பெரிய காய்ல கைய வச்சிருக்கீங்க."

நடுவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் அவள் சொன்னபோது உறைத்தது. எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள முதல்தரக் காய் என்றால் எல்லார் கண்ணும் அதன்மேல் இருக்கும். எனக்குப் பிடித்த அந்த விளையாட்டின் மூலப் பிரதியிலும் பல வருஷங்களாகப் பல பேர் உழைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஃப்ரேமைக் குறைக்கப் பெரிய கைகளே திணறுகின்றன.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்து வேறு மாதிரித் தேட ஆரம்பித்தேன். இந்த முறை முதல் நிபந்தனை: நான் விளையாடியதே இல்லாததாக இருக்க வேண்டும். நினைவு குறுக்கே வரக் கூடாது. சின்னதாகவும் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால், முழுவதையும் அழித்து முதலிலிருந்து தொடங்க மனசு வரும். மூன்றாவதுதான் கடினம். அதிர்ஷ்டத்தை நம்பி ஓடும் விளையாட்டு ஆகாது. எதிரி எங்கே வருவான் என்பது நாம் எந்த ஃப்ரேமில் என்ன அழுத்தினோம் என்பதைப் பொறுத்துக் கண்டபடி மாறினால், கற்றுக்கொள்கிறவர் எதனால் எது நடந்தது என்றே பிரித்தறிய முடியாது.

இதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சந்தேகப்படும் ஆளிடம் ஒரே கேள்வியைச் சற்று மாற்றி இரண்டு முறை கேட்பது. விளையாட்டைத் தொடங்கி நேராக நடப்பேன். அடுத்த முறை நடுவில் ஒரு வெற்றுக் குதி குதித்துவிட்டு நடப்பேன். இரண்டு தடவையும் எதிரி அதே நேரத்தில் அதே இடத்தில் வந்தால் தேறியது. அப்படி எட்டு விளையாட்டைப் பார்த்தேன். ஒன்றில் வௌவால்கள் மனம்போனபடி பறந்தன. ஒன்றில் பாத்திரங்கள் நின்று நின்று பேசின. பாதி நேரம் எழுத்து ஓடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. கார்ப் பந்தயம் ஒன்று நன்றாகவே இருந்தது, ஆனால் ஒரு வண்டி சறுக்கினால் ஏன் சறுக்கியது என்று கடைசிவரை புரியவில்லை.

ஒன்பதாவது, சுண்டெலி. பலசரக்குக் கிட்டங்கி ஒன்றில் மாட்டிக்கொண்ட எலி பதினைந்து அறைகளில் சாவி எடுத்துக் கதவு திறந்து வெளியே போக வேண்டும். ஒரு அறை ஒரு திரை, எல்லாம் கண்ணெதிரே. பூனைகள் கடிகாரம் மாதிரி நடந்தன. நான் குதித்தாலும் குதிக்காவிட்டாலும் அவற்றின் நடை மாறவில்லை. மூலப் பிரதிதானா என்று அறிய, கோப்பின் அடையாளக் குறியீட்டைத் தளத்தின் பட்டியலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். இரண்டு முறை.

தம்பி மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "எலியை ஓட்டவா மதினி இம்புட்டுப் பாடு? எங்க கிட்டங்கிக்கு வாங்க, நெசமாவே ஓட்டலாம்."

இந்த விளையாட்டுக்கு ஏற்கெனவே ஒரே ஒரு ஓட்டம் இருந்தது. யாரோ பல வருஷத்துக்கு முன் செய்துவிட்டுப் போனது. மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடியும் சொச்சமும். என் பெயர் ஏற வேண்டுமானால் அதை முந்த வேண்டும். ஒரே ஒரு ஃப்ரேம் முந்தினாலும் போதும்.

காலை ஆறரைக்கு ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் உட்காருவேன். மின்வெட்டு வந்தால் எழுந்துவிடுவேன். வேலை எனக்குப் பழகினதாகவே இருந்தது. நானூறு சொல் செய்தியை இருநூறாகக் குறைப்பது போலத்தான்: எது இல்லாமலும் அர்த்தம் நிற்குமோ அதை எடுக்க வேண்டும். எலி தேவையில்லாமல் திரும்புவதை எடுத்தேன். சாவி கைக்கு வந்த பிறகும் நடந்த அரை அடியை எடுத்தேன். ஏழாவது அறையில் பூனையின் வாலுக்கும் மூட்டைக்கும் நடுவே புகுந்து போக இடமிருந்தது. பழைய ஓட்டக்காரர் அதைப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் பதினைந்து அறையும் முடிந்தது. கூட்டிப் பார்த்தேன். பழைய ஓட்டத்தைவிட ஒன்பது ஃப்ரேம் பின்தங்கியிருந்தேன்.

ஒன்பது ஃப்ரேம் கண் இமைக்கும் நேரம்தான். பத்து நாள் தேடியும் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்து பின்னால் நின்றான். ஓடவிட்டேன். ஒன்பதாவது அறையில் ஐந்து ஏணி.

"ஏக்கா, ஒன் எலி ஏணிக்கிட்டப் போயி நின்னுட்டு ஏறுது."

"நிக்கல. உடனே ஏறுது."

"நிக்குது. கொண்டை ஊசி வளைவுல புது டிரைவர் இப்பிடித்தான். வளைவுக்குள்ள வந்தப்புறம் ஸ்டீயரிங்கை ஒடிப்பான். முன்னாடியே ஒடிக்கணும்."

"முன்னாடியே மேல்பொத்தானை அமுக்கிப் பாத்தாச்சு. எலி நின்னு அண்ணாந்து பாக்குது. நேரம் கூடத்தான் ஆகுது."

"நிக்க வச்சு ஒடிச்சா நிக்கத்தான் செய்யும். ஓட்டத்துல ஒடிக்கணும்."

"தம்பி, இது ஜீப்பு இல்ல."

"அதான் தெரியுதே. ஜீப்பா இருந்தா இந்நேரம் மெட்டு ஏறிருக்கும்." சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அரை மணி நேரம் அவன்மேல் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஓட்டத்தில் ஒடிப்பது என்றால் இந்த எலிக்கு என்ன என்று யோசித்தேன். ஓடும்போது மேல்பொத்தானை அழுத்தினால் நிற்கிறது. ஆனால் காற்றில் இருக்கும்போது அழுத்தினால்? சமதரையில் குதிப்பது நேர விரயம் என்று நானும் பழைய ஓட்டக்காரரும் குதித்ததே இல்லை. ஏணிக்குப் பத்து ஃப்ரேம் முன்பு குதிக்க வைத்தேன். தலை இடித்துக் கீழே விழுந்தது. ஒன்பது ஃப்ரேம், விழுந்தது. எட்டு, விழுந்தது. ஏழு ஃப்ரேம் முன்பு குதித்து, எழும்பும்போதே மேல்பொத்தானை அழுத்தியதும், எலி முதல் படியைத் தொடாமலே இரண்டாவது படியைப் பற்றிக்கொண்டது. மூன்று ஃப்ரேம் மிச்சம்.

ஒரு ஏணிக்கு மூன்று. விளையாட்டு முழுவதும் இருபத்திரண்டு ஏணி.

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மலை முழுக்க வெயில். கீழே போய்த் தம்பியை எழுப்பலாமா என்று நினைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டேன். சும்மாவே பேசுவான்.

முதல் அறையிலிருந்து திரும்பச் செய்தேன். சீக்கிரம் போனால் பூனைகள் வேறு இடத்தில் இருக்கும், ஆகவே ஒவ்வொரு அறையையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சின்ன விளையாட்டாகப் பிடித்ததன் பலன் அப்போதுதான் தெரிந்தது. பெரியதாக இருந்தால் அந்த இடத்தில் விட்டிருப்பேன். இரண்டு ஏணிக்கு மேலே கூரை தாழ்வு, குதிக்க முடியவில்லை. மீதி இருபதிலும் எலி ஓட்டத்திலேயே ஒடித்தது. முடிவில் பழைய ஓட்டத்தைவிட ஐம்பத்தொரு ஃப்ரேம் முன்னால் இருந்தேன்.

அனுப்பும் படிவத்தில் விளக்கக் குறிப்பு கேட்பார்கள். செய்தி எழுதுவது போல எழுதினேன்: எங்கே, எத்தனை, எப்படி. ஏணி உத்தி மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் என் தம்பியுடையது என்று ஒரு வரி சேர்த்தேன். பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலானவர்கள் புனைபெயர் போடுவார்கள். நான் அப்பாவின் முதலெழுத்தோடு முழுப் பெயரையும் அடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பழக்கத்தில் மூன்று முறை பார்த்தேன்.

பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது. ஏற்கப்பட்டது. பழைய ஓட்டம் கீழே இறங்கி என்னுடையது மேலே ஏறியிருந்தது. பக்கத்தின் தலையில் என் பெயர். "நமது நிருபர்" இல்லை. நான்.

மறுநாள் காலை தம்பி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டான். போடிமெட்டில் டீக்கு நிறுத்தினதும் போனை எடுத்து, பின்சீட்டுப் பெண்களிடம் நீட்டினான். பன்னிரண்டு பேர் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு மூன்றரை நிமிடத்துக்கு மேல் பார்த்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. எலி கடைசிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்ததும் ஒரு அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"இந்த எலியை ஓட்டுனது ஒங்க அக்காவா அப்பு?"

"அக்காதான். ஆனா அந்த ஏணி என்னோடது. எழுதியே போட்டிருக்கு, படிச்சுக்கங்க."

"நீ ஓட்டுற லட்சணம்தான் தெரியுமே. எலிக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல," என்றார் அந்த அம்மா. ஜீப் முழுக்கச் சிரிப்பு.

முன்சீட்டு எப்போதும் எஸ்டேட்டில் இவர்களை மேற்பார்க்கும் கங்காணிக்கு. அன்று அவரே இறங்கிப் பின்னால் போய், "நீங்க முன்னாடி உக்காருங்க," என்றார். மறுத்துப் பார்க்கக்கூட நான் நினைக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். அடுத்த வளைவு வருவதற்கு முன்பே தம்பி ஸ்டீயரிங்கை ஒடித்தான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஒடித்தான்.

"ரோட்டப் பாருடா," என்றேன்.