பாதியில் நின்ற கால்: மண்டபத்துக்கு இரண்டு பயணங்கள்

மண்டபத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் மண்டபம் போவதில்லை. ராமேசுவரம் போகிறவர்கள், ரயில் பாலத்தில் ஏறும் முன் சன்னல் வழியே ஒரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி. சென்ற ஐப்பசியில் நான் அங்கே இரண்டு தடவை போனேன். மதுரையில் லாரி ஜாக்கிகளும் எண்ணெய் அழுத்தப் பிரஸ்களும் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. மண்டபத்தில் இறால் வாங்கும் கம்பெனி ஒன்றின் வெளிநாட்டுப் படகில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பாகம் நின்றுவிட்டது, போய்ப் பார் என்று முதலாளி அனுப்பினார். அதற்கு முன் நான் படகில் கால் வைத்ததுகூட இல்லை.

மதுரையில் காலை 6.20க்குப் பாசஞ்சர். தொண்ணூறு மைல், மூன்றாம் வகுப்பு மூன்று ரூபாய் பத்து பைசா. பரமக்குடியில் இட்லி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குமேல் நம்பிச் சாப்பிட எதுவும் கிடைக்காது. 11.30க்குச் சேர வேண்டிய வண்டி 12.15க்குச் சேர்ந்தது. ராமநாதபுரம் தாண்டியதும் இரு பக்கமும் உடைமரமும் உப்புத்தரையும்தான். அறுபத்துநாலு டிசம்பர்ப் புயல் கழிந்து நாலு வருஷம் ஆகியும் மண்டபத்தில் பல குடிசைகளுக்குக் கூரை என்று இருந்தது பழைய பாயும் கிழிந்த தார்ப்பாயும். அவற்றுக்கு நடுவே கம்பெனியின் ஐஸ் கொட்டகை மட்டும் புதுத் தகரத்தில் பளபளத்தது. மீன் கெடக்கூடாது. மனிதன் நனையலாம்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என் கருவிப் பெட்டியைப் பார்த்தார்கள். "வெள்ளக்காரப் படகுக்குக் காலு நோவு. வைத்தியரு வந்துட்டாருடோய்" என்றார் ஒருவர். "கசாயம் குடுப்பாரா, ஊசி போடுவாரா?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன்.

படகின் ஓட்டுநர் சூசையண்ணன் என்னை அழைத்துப் போனார். தங்கச்சிமடத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். இருபது வருஷம் பிறர் வள்ளத்தில் கூலிக்குப் போனவருக்கு, இரண்டு வருஷமாக இங்கே மாதச் சம்பளம். கடல் சீறினாலும் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அதை அவரே சொன்னார். படகின் கால் பழுதானது அவரால்தான் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்பதை வைத்துத்தான் சூசையண்ணன் வேலை நிலைக்கும் அல்லது போகும். வழி நெடுக அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாமென்றும் விடவில்லை.

இதுபோன்ற படகைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் படகுக்குள்ளே பின்பலகையை ஒட்டி இருக்கும். படகைத் தள்ளும் விசிறியைத் தாங்கும் பாகம் பலகைக்கு வெளியே கால்போலத் தொங்கும். பொத்தானை அமுக்கினால் சின்ன மோட்டார் ஒன்று பம்பைச் சுழற்றும், பம்பு எண்ணெயைத் தள்ளும், இரு பக்கமும் உள்ள உருளைகள் காலைத் தூக்கும் அல்லது இறக்கும். மண்டபத்தின் வடகடலில் கரையிலிருந்து நூறு கஜம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்குமேல் வராது. காலைத் தூக்காமல் கரை சேர முடியாது, இறக்காமல் ஓட்ட முடியாது. இந்தக் கால் பாதியில், கோணலாக நின்றது.

முதலில் பாட்டரி. குறையில்லை. பொத்தானை அமுக்கினேன், மோட்டார் சுழலும் சத்தம் கேட்டது, கால் அசையவில்லை. மின்சாரத்தில் கோளாறில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் அளவு பாதிக்குக் கீழே, நிறம் மோர்போல வெளுத்திருந்தது. கடல் நீர் கலந்திருக்கிறது. குழாய்களை விரலால் தடவிக்கொண்டே போனேன். இடது உருளையின் வாய் ஈரமாக இருந்தது. கழற்றிப் பார்த்தேன். ரப்பர் சீல் பிதுங்கிக் கிழிந்திருந்தது, உள்ளே ஓடும் தண்டு நூலளவு வளைந்திருந்தது. தானாகத் தேய்ந்து வந்த பழுதல்ல. எதையோ எதிர்த்து இழுத்து வந்தது. காலின் இடப்பக்கம் பெயிண்டில் ஒரு பள்ளம். அதில் கயிற்று நார் ஒட்டியிருந்தது.

"கயிறு போட்டுக் கட்டினீங்களா அண்ணே?"

"கட்டாம? வள்ளத்துல சுக்கானத் தூக்குனா கட்டாம விடுவோமா தம்பி? இந்தக் காலு ராத்திரி தன்னால எறங்கி மண்ணுல குத்தும். தெனமும் சாயங்காலம் கட்டுவேன், காலம்பற அவுத்துட்டுத்தான் பொத்தானத் தொடுவேன்."

அவர் சொன்னதைச் சோதித்தேன். உண்மைதான். அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் வால்வு ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது. கம்பெனிக்கு அவர் இரண்டு தடவை சொல்லியும் பழுது பார்க்க ஆள் வரவில்லை. அதனால் கடற்கரைக்காரன் சுக்கானுக்குச் செய்வதை அவர் காலுக்குச் செய்தார். கட்டியிராவிட்டால் கால் என்றைக்கோ கடலடிப் பாறையில் மோதி உடைந்திருக்கும்.

மீதியைக் கரையில் வலை பிரித்தவர்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சூசையண்ணன் கோயில் பூசையில் இருந்தபோது மேனேஜர் ராமநாதபுரத்திலிருந்து வந்த தன் சம்பந்திகளை ஏற்றிக்கொண்டு தானே படகைக் கிளப்பியிருக்கிறார். கயிற்றை அவிழ்க்காமல் இறக்கும் பொத்தானை அமுக்கியிருக்கிறார். பம்பு தள்ள, கயிறு பிடிக்க, நடுவில் சீல் போயிற்று. பிறகுதான் கத்தியால் கயிற்றை அறுத்திருக்கிறார்கள். அறுந்த துண்டு கொண்டியில் இன்னும் தொங்கியது.

கம்பெனி அறையில் மேனேஜர் எனக்கு நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். சூசையண்ணன் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். அந்த நாற்காலியில் நான் கொஞ்சம் கூடுதல் வசதியாகவே உட்கார்ந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வால்வுக் கசிவு, கயிறு, ஞாயிற்றுக்கிழமை, யார் பொத்தானை அமுக்கியது எல்லாவற்றையும் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் முகம் சுளிக்காமல் படித்தார். சென்னை ஆபீசுக்கு இங்கிலீஷில் போக வேண்டும், டைப் அடித்துத் தருகிறேன் என்றார். 3.40க்கு எனக்கு வண்டி. கையெழுத்துக்கு அந்தத் தாள் வந்தபோது மணி 3.30. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் உதிரிபாகப் பட்டியலில் உள்ள இங்கிலீஷ். மேலோட்டமாகப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், உருளையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பட்டறையில் தண்டை நிமிர்த்தி, புது சீல் போட்டு, வால்வுக்கும் ஒரு வளையம் கடைந்து எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் மறுபடி போனேன். படகில் வேறு ஒரு ஓட்டுநர் இருந்தார். சூசையண்ணன் எங்கே என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டார். பழைய எண்ணெயை வடித்து, தொட்டியைக் கழுவி, புதிதாக நிரப்பி, காற்றுப் போகும்வரை காலைப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கினேன். மூன்று மணி நேர வேலை.

பிறகு ரயிலேறித் தங்கச்சிமடம் போனேன். முப்பது பைசா. பாலத்துக்கு அப்பால் உள்ள அந்தத் தீவுக்கு ரயிலை விட்டால் தோணிதான். மழை தூறிக்கொண்டிருந்தது. சூசையண்ணன் கரைவலை இழுக்கும் வரிசையில், இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கயிற்றை விடவில்லை. விட்டால் அன்றைய பங்கு போய்விடும். நான் கூடவே நடந்தேன்.

"ஒங்க காயிதத்த மேனேஜர் படிச்சுக் காட்டுனாரு தம்பி. கயிறு கட்டுனதுனால பழுதுன்னு இருந்துச்சு. கட்டுனது நீதானேன்னாரு. ஆமான்னேன்."

"அவிழ்க்காம அமுக்கினது யாருன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். அது காயிதத்துல இல்லன்னுட்டாரு."

நான் தமிழில் எழுதியதைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "மழ வலுக்குது, அங்கன போய் ஒதுங்குங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்னை ஆபீசுக்கு முழு விவரமும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று கையெழுத்திட்ட அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

இந்தப் பக்கம் வேலையாகப் போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுபோங்கள், மண்டபத்துத் தண்ணீர் கரிக்கும். எண்ணெயை மூடியுள்ள டின்னில் எடுத்துப் போங்கள், உப்புக்காற்றும் மணலும் திறந்த எதையும் விடாது. வண்டிக்கு நேரமாயிற்று என்றால் அன்றைக்கு அங்கேயே தங்குங்கள், ஸ்டேஷனுக்கு எதிரே ஒன்றரை ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போகும்வரை தாள் காத்திருக்கட்டும்.

படகைப் பற்றிப் போன வாரம் பட்டறைக்குக் கடிதம் வந்தது. கால் ஒழுங்காக ஏறுகிறது, இறங்குகிறது, ராத்திரியில் தானாக இறங்குவதில்லை. வேலை திருப்தி என்று மேனேஜர் எழுதியிருக்கிறார்.