மணியகாரரின் பெட்டியும் என் மனுவும்

1988 யூலை மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, சீலண்ட் தீவின் தென்கரையில் கோடைகாலத்தில் மட்டும் திறக்கப்படும் மத்தியகாலக் காட்சித் திடலுக்குச் சென்றுவந்தேன். இந்நாட்டவரின் பழைய வாழ்க்கையை நேரில் காணுமாறு டெனிஷ் மொழி வகுப்பு ஆசிரியை வற்புறுத்தியது ஒரு காரணம். மற்றக் காரணம் நண்பர் அன்ரன். மன்னாரிலுள்ள மனைவியையும் இரண்டு மகள்மாரையும் அழைப்பதற்கு நான் டெனிஷ் அரசிடம் விண்ணப்பித்துப் பதினான்கு மாதங்கள் கடந்துவிட்டன. சட்டம் அவ்வுரிமையைத் தெளிவாகத் தந்திருக்கிறது. பதில் மட்டும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் நான் தபாற்பெட்டியருகே நிற்பதைக் காணப் பொறுக்காமல், அன்ரன் தாம் வசிக்கும் இஷொயிலிருந்து காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நான் வசிக்கும் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து காலை 8.40க்குப் புறப்பட்டோம். தூரம் 92 கிலோமீற்றர்; ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 30 குரோனர். கார் நிறுத்தக் கட்டணமில்லை.

வாயிலில் ஒரு சாக்குப்பையை நீட்டுகிறார்கள். கையைவிட்டு ஒரு மரவில்லையை எடுக்கவேண்டும். மாலைவரை அதில் எழுதியிருக்கும் சமூக வகுப்பே நமது வகுப்பு. மீன் தொழிற்சாலையில் நிலம் கழுவும் அன்ரனுக்குப் பிரபு வந்தது. எனக்குக் குடியானவன்.

“அண்ணை, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ, பிரபு வாறன்” என்றார் அவர்.

பிரபுவின் மாடத்தில் கண்ணாடிச் சாளரம், துணி விரித்த மேசை, வெண்ணிற ரொட்டி. வணிகனுக்குச் செங்கல் வீடு. பாதிரியாருக்கு விளைச்சலில் பத்திலொரு பங்கு. குடியானவனின் வீட்டில் புகைபோக்கி கிடையாது. ஒரு கோடியில் அடுப்பு, மறுகோடியில் மாடுகள். எனக்குக் கம்பு நிறத்தில் ஒரு ரொட்டித் துண்டும் உப்பிட்ட மீனும் தந்தார்கள். இவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். வறுமை எங்கும் உள்ளதுதான். பொறுக்க முடியாதது வேறொன்று. சீலண்டில் மத்தியகாலத்தின் முடிவில், குடியானவனின் மகன் பிறந்த பண்ணையைவிட்டுப் பிரபுவின் அனுமதியின்றி வெளியேறக் கூடாதாம்.

பண்ணை முற்றத்தில் மணியகாரர், அதாவது பிரபுவின் காரியங்களைப் பார்ப்பவர், மேசை போட்டு அமர்ந்திருந்தார். அந்த வேடத்தில் இருந்தவர் வரலாறு படித்த ஒரு பெண்மணி. குடியானவர்கள் அவரிடம் மனுக் கொடுப்பது அங்குள்ள விளையாட்டு. நானும் இறகுப் பேனாவால் டெனிஷ் மொழியில் எழுதினேன்: ‘என் மனைவியும் மகள்மாரும் வேறொரு பிரபுவின் நிலத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இங்கு வர அனுமதி வேண்டும்.’

அவர் வாசித்தார், மரப்பெட்டிக்குள் போட்டு மூடியைச் சாத்தினார். சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கவேண்டிய இடம் அதுதான் போலும்.

பதில் எப்போது வரும் என்று கேட்டேன்.

“பிரபு நினைக்கும்போது.”

“நினைக்காவிட்டால்?”

“நினைக்கமாட்டார்.”

மீண்டும் சிரிப்பு. நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இருபத்திரண்டு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவன். சித்தம் கலங்கியவர் கொடுத்த மனுவுக்கும் அன்றே இலக்கமிட்டு, கிடைத்தது என்று கடிதம் அனுப்புவோம். அதை அப்பெண்மணிக்கு எடுத்துச் சொல்லி, இலக்கம் கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அன்ரன் என் சட்டையைப் பிடித்திழுத்தார்.

“அண்ணை, இது விளையாட்டு. வாங்கோ, போவம்.”

நான் அசையவில்லை. “இல்லை என்றாவது எழுதித் தாருங்கள்” என்றேன். “இல்லை என்றால் நான் மேன்முறையீடு செய்யலாம். பெட்டிக்குள் கிடப்பதற்கு மேன்முறையீடு கிடையாது.”

அவர் தொப்பியைக் கழற்றினார். எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறீர்கள் என்று தம் சொந்தக் குரலில் கேட்டார். பதினான்கு மாதம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் பெட்டியைத் திறந்து என் மனுவை எடுத்தார். மேலே ‘இலக்கம் 1’ என்று எழுதி, அன்றைய திகதியும் இட்டார். செவ்வரக்கை உருக்கி முத்திரை பதித்துத் தந்தார். இது எங்கும் செல்லாது என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றேன்.

திரும்பக் காரில் ஏறியதும் அன்ரன் அந்த மனுவை வாங்கிப் பார்த்தார். பிறகு, “அறுநூறு வருசச் சீனியோரிட்டி இருக்கு அண்ணை, இனி உங்கட ஃபைல்தான் முதல் எடுப்பினம்” என்றார். இருவரும் சிரித்தோம். என் கோபம் அதனால் தணியவில்லை. இதை எழுதும்போதும் தணியவில்லை. மத்தியகாலத்தைப் பார்க்க 92 கிலோமீற்றர் போயிருக்கத் தேவையில்லை.

போக எண்ணுவோருக்கு: பத்து மணிக்கு முன் சென்றால் வரிசை குறைவு. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். குடியானவன் பங்கு வயிற்றுக்குப் போதாது. ஐந்து மணிக்கு வில்லையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எங்கே எந்த மனுக் கொடுத்தாலும் பிரதியொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். நமது மனுவுக்கு இலக்கமிட்டு, திகதியும் முத்திரையும் வைத்துத் தந்துவிட்டார்கள் என்று எழுதினேன். எந்தக் கந்தோர் என்று எழுதவில்லை.